ஞாபகமிழந்த முதியோரும் நமது கடமையும்

பெற்ற தாயை விடுதியில் சேர்ப்பது குலத்துக்கே இழுக்கு என்னும் எண்ணம் தாமிரபருணிக் கரையில் இன்னும் வலுவாக இருந்து வருகிறது. அந்த எண்ணத்தின் அடியிலுள்ள அன்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த அன்பின் பாரத்தை வீட்டில் சுமப்பவர் யார் என்று கேளாமல் இருக்க முடியவில்லை.

அம்பாசமுத்திரம், முக்கூடல் பக்கங்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு மருமகளை நினைத்துப் பாருங்கள். மாமியாருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. அடுப்பை எரியவிட்டு மறக்கிறாள். உண்ட சோற்றை உண்ணவில்லை என்கிறாள். நள்ளிரவில் கதவைத் திறந்து, என்றோ இடிந்துபோன பிறந்தகத்தைத் தேடிப் புறப்படுகிறாள். காவலிருந்தால் மருமகளுக்கு அன்றையக் கூலி போயிற்று. கூலிக்குச் சுற்றினால் கிழவியை அறையில் பூட்ட வேண்டும். மகனோ வளைகுடா நாட்டில் இருக்கிறான். கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் பிள்ளைகளையெல்லாம் கடல்கடந்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவரின் நிலையும் இதனினும் மேலானதல்ல. பணம் வரும், கைபிடித்து நடத்த ஆள் வராது.

இதை வயோதிகத்தின் இயல்பு என்று தள்ளிவிடுவது தவறு. இது மூளையைப் பற்றும் நோய். 2023-ல் வெளியான தேசிய ஆராய்ச்சியின் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுற்றிருக்கின்றனர். ஆண்களைவிடப் பெண்களிடத்தும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம். தமிழ்நாட்டிலோ 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்திருந்தனர்.

சட்டம் இல்லாமலில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் நிறைவேறியது. முதியோரைக் கைவிட்டுச் செல்வோருக்கு அது மூன்று மாதம் வரை சிறைவாசம் விதிக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும் விடுதியை மாகாண சர்க்கார் ‘அமைக்கலாம்’ என்கிறது. ‘அமைக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. மகனுக்குக் கட்டளையிட்ட சட்டம், சர்க்காருக்கு யோசனை மட்டும் கூறி நின்றுவிட்டது!

அவ்விடுதி அமைந்தாலும், ஞாபகமிழந்தவருக்கு அது ஏற்றதாகுமா? தம் ஊரும் உறவும் நெஞ்சில் கலைந்துவரும் ஒருவரை, முன்பின் அறியாத 150 பேருக்கு நடுவே கொண்டுபோய் வைத்தால் அவருடைய திகைப்பு இரட்டிக்கும். நேற்று நடந்தது மறந்தவருக்கும் பால்யத்தில் பழகியது நெடுநாள் மறப்பதில்லை. ஆற்றங்கரைக் குளியல், கோவில் மணி, பள்ளிவாசல் பாங்கோசை, மாதாகோவில் பாட்டு, நெல்லைப் பேச்சு ஆகிய இவையே அவருக்கு ஊன்றுகோல். ஆகையால் விடுதி சிறிதாகவும், அவரவர் ஊருக்கு அருகிலும் இருத்தல் வேண்டும்.

இது நமது கற்பனையன்று. ஜப்பானில் 2000-ஆம் வருஷம் அமலுக்கு வந்த பராமரிப்பு இன்ஷூரன்ஸ் முறையில், இந்நோயுற்றோர் ஐந்து முதல் ஒன்பது பேர் வரை ஒரே வீட்டில் குடும்பம்போல் வாழும் இல்லங்களுக்கு இடமளித்திருக்கின்றனர். முடிந்தவரை கறிகாய் நறுக்குவதும் துணி மடிப்பதும் அங்கே அவர்களே. மலைக்கு அப்பாலுள்ள கேரளத்திலும் இந்நோயாளருக்கென்றே 1992-ல் ஒரு சங்கம் தோன்றியது. சர்க்காரும் 2014-ல் தனித் திட்டம் வகுத்தது. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி இந்த யோசனை மட்டும் நம் பக்கம் வரக்கூடாதா?

சிறிய விடுதியென்றால் எல்லாம் நன்மையே என்று நாம் சொல்ல வரவில்லை. தன்மேல் விழுந்த அடியை மறுநாள் சொல்ல இயலாதவரே அங்கு வாசிகள். சாட்சி சொல்ல இயலாதவரிடம் அநியாயம் செய்வது சுலபம். எனவே, அனுமதியின்றி எந்த விடுதியும் நடக்கலாகாது. இரவிலும் விழித்திருக்கும் ஆள் வேண்டும். கட்டிவைப்பதும், மயக்க மருந்தால் அடக்கிவைப்பதும் வைத்தியர் உத்தரவின்றி நடக்கக்கூடாது. உறவினரும் ஊராரும் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க வாசல் திறந்திருக்க வேண்டும். புகார் செய்ய விரும்புவோர் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை நினைவில் வைக்கலாம்.

கண் தெரியாத குழந்தைகளுக்கும் காது கேளாத குழந்தைகளுக்கும் பாளையங்கோட்டையில் நூறு வருஷங்களுக்கு முன்பே பள்ளிகள் எழுந்தன. கண்ணுக்கும் காதுக்கும் வழி கண்ட ஊர், ஞாபகத்துக்கு வழி காணாதா? பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகள் நம் கிராமங்களில் அநேகம். அவற்றின் சொந்தக்காரர் வெளியூரிலிருந்து சாவியைத் தரட்டும். ஊரார் உழைப்பைத் தரட்டும். சர்க்கார் பணத்தையும் கண்காணிப்பையும் தரட்டும்.

தாயை விடுதியில் சேர்ப்பது இழுக்கன்று. வீட்டில் வைத்துப் பூட்டுவதுதான் இழுக்கு. அவள் நம்மை மறந்துவிட்டாள் என்பது அவளை நாம் மறப்பதற்குக் காரணமாகாது.