பழைய வாஷிங் மெஷினுக்கு "டைரக்ட்" வைத்தியம்: விரல் போகும், உஷார்!

சென்னை,
20 வருஷமாக உழைத்த இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷின் திடீரென்று மக்கர் பண்ணும். துவைக்கும் தொட்டி ஓடும். பிழியும் தொட்டி அசையாது.

"மோட்டார் போச்சு" என்று வீட்டில் பதறுவார்கள். பல நேரம் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு, மூடிக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் சின்ன சுவிட்சில்!

சாவி கொடுத்த கடிகாரம்

டைமர் குமிழுக்குள் இருப்பது கடிகார ஸ்பிரிங். முறுக்கினால் 5 நிமிடம் வரை ஓடும். அதிலிருந்து கரண்ட் மூடி சுவிட்ச் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. மூடியைத் திறந்தால் கரண்ட் கட்! பிரேக்கும் பிடிக்கும்.

ஈரம் பட்டு சுவிட்ச் முனை கறுத்துவிட்டால், மூடியை மூடினாலும் கரண்ட் பாயாது.

விபரீதம்

சிலர் சுவிட்சையே கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு ஒயரையும் முறுக்கி "டைரக்ட்" கொடுக்கிறார்கள். மெஷின் ஓடும். ஆனால் மூடியைத் திறந்தாலும் கரண்ட் நிற்காது. பிரேக்கும் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். நிமிடத்துக்கு சுமார் 1,300 சுற்று! துணியோடு கை சிக்கினால் விரல் முறியும்.

என்ன செய்யலாம்?

கெட்ட சுவிட்சுக்குப் பதில் புது சுவிட்ச் மாட்டுவதே சரி. டைமர் குமிழைப் பின்பக்கம் திருகக் கூடாது, ஸ்பிரிங் கெடும். பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். விவரம் தெரியாமல் பின்மூடியைக் கழற்றாதீர்கள்.

ரிப்பேர் முடிந்ததும் மெக்கானிக் எதிரிலேயே, ஓடும்போது மூடியைத் திறந்து பாருங்கள். தொட்டி சில நொடியில் நிற்க வேண்டும். நிற்கலையா? காசை வெளியே எடுக்காதீங்க!