பாம்புக் கட்டு

1968, 1969 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஒரே கார் வென்றது: ஃபோர்டு ஜிடி40, சேஸிஸ் எண் 1075. இந்த வகைக் காரின் பின்மூடியைத் திறந்தால் எட்டுப் புகைக்குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடக்கும். 'பாம்புக் கட்டு' என்பது பந்தய உலகில் அதன் பெயர். பார்க்க முரட்டுத்தனமான அந்தப் பின்னலுக்குள் நுட்பமான காலக்கணக்கு ஒன்று இருக்கிறது.

புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் எரிந்த வாயு சீறிக்கொண்டு பாய்கிறது. அந்த வேகத்தில் ஓர் அழுத்த அலை கிளம்பி, வாயுவையும் முந்திக்கொண்டு குழாய்க்குள் ஓடுகிறது. சூடான புகையில் அதன் வேகம் நொடிக்கு 500 மீட்டருக்கும் மேல். குழாய்கள் ஒன்றுசேரும் அகன்ற இடத்தைத் தொட்டதும் அலையின் ஒரு பகுதி திரும்புகிறது. திரும்பி வருவது அழுத்தம் அல்ல, உறிஞ்சல்! எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் மூடாமல், காற்று வரும் வால்வும் திறந்துவிட்ட அந்தக் குறுகிய நேரத்தில் உறிஞ்சல் வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய மிச்சப் புகை இழுபட்டு வெளியேறும். அதைத் தொடர்ந்து புதுக் காற்றும் உள்ளே வரத் தொடங்கும். காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், சக்தி கூடும். புகைக்குழாய் எஞ்சினுக்குக் காற்று ஊட்டுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சாதாரணக் கார்களில் எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் சேர்த்து வெளியேற்ற வெகுகாலம் இருந்தது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. விலை குறைவு, நீண்ட உழைப்பு. ஆனால் அதில் ஒரு சிலிண்டரின் புகை பக்கத்துச் சிலிண்டரின் வழியில் போய் முட்டும். பாம்புக் கட்டு போன்ற குழாய்த் தொகுப்புக்கு 'ஹெட்டர்' என்று பெயர்; அதில் சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாய். நல்ல ஹெட்டரில் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம்.

ஜிடி40-இன் வி8 எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசைகளில் இருக்கும்; அதில் ஒரே வரிசையின் இரு சிலிண்டர்கள் அடுத்தடுத்து எரியும் கட்டங்கள் உண்டு. அவற்றின் புகை மோதாமலிருக்க, இரு வரிசையிலிருந்தும் இரண்டிரண்டு குழாய்களை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்போது ஒவ்வொரு கூட்டுக்குழாயிலும் புகை சம இடைவெளியில் வரும். பாம்புகள் பின்னிக்கொண்டது இதற்காகத்தான்.

சிக்கல் ஒன்று உண்டு. 80 செ.மீ. குழாயில் அலை போய்வர ஏறக்குறைய 3 மில்லிநொடி. நிமிடத்துக்கு 6000 சுற்றில் எஞ்சின் ஒருமுறை சுழல 10 மில்லிநொடி. 3000 சுற்றில் 20. அலை எப்போதும் போலவே வருகிறது, வால்வுகளின் நேரம் மாறிவிடுகிறது. ஆகவே ஒரு ஹெட்டர் குறிப்பிட்ட சுற்றுவேகங்களில்தான் முழுப்பலன் தரும். நான்கு குழாய்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 4-1 அமைப்பு உச்ச வேகத்துக்கு உகந்தது. இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிறகு ஒன்றாக்கும் 4-2-1 நடுத்தர வேகங்களில் இழுவை தரும். அன்றாடச் சாலைக்கு இதுவே மேல் என்பேன்.

'எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும்' என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அது தவறு; பின்னழுத்தம் என்பது புகையின் வழியில் நிற்கும் தடை, அதனால் சக்தி கூடுவதில்லை. மிகப் பருத்த குழாயை மாட்டினால் புகையின் வேகம் தளர்ந்து இழுப்பு குறைகிறது; அந்தக் குறையைத்தான் பின்னழுத்தம் போதாமை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்றைய பல எஞ்சின்களில் ஹெட்டர் மாட்டவே இடமில்லை. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி விரைவில் சூடேற வேண்டும் என்பதால் அதை எஞ்சினுக்கு மிக அருகில் வைக்கிறார்கள். 2012-இல் வந்த ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்டில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு ஒரே வார்ப்பாகிவிட்டது. காற்றை உள்ளே திணிக்கும் வேலையை அதில் டர்போ செய்கிறது.