எரிபொருளாகும் தானியமும் நம் கடை விலையும்

உப்பளத்தில் எங்கள் கிடங்குக்கு வரும் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணாச்சி, விளைச்சல் நன்றாகத்தானே இருக்கிறது, விலை ஏன் இறங்கவில்லை?" பதிலில் ஒரு பகுதி பெட்ரோல் பங்கில் இருக்கிறது.

கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கும் திட்டம் நம் நாட்டில் 2003-ல் தொடங்கியது. 2025-ல் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, விவசாயிக்கும் வருமானம். இதை நாம் குறை கூறவில்லை. ஆனால் நாட்டின் எரிபொருள் தேவை முழுவதையும் பயிரிலிருந்தே எடுத்துவிடலாம் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

100 கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 38 லிட்டர் எத்தனால் கிடைக்கும். அதன் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக, கைக்கு வருவது 25 லிட்டர் பெட்ரோல்தான். நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டன் மக்காச்சோளம் விளைகிறது. கோழித் தீவனத்துக்கு ஒரு மூட்டைகூட ஒதுக்காமல் அத்தனையையும் எத்தனாலாக்கினாலும், நாம் எரிக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். நம் சரக்கைச் சுமக்கும் லாரிகளுக்கான டீசல் தேவையோ பெட்ரோலைப் போல் இருமடங்குக்கும் மேல்!

விளைவு என்ன? மக்காச்சோளம் ஏற்றுமதி செய்து வந்த நாம், 2024-ல் இறக்குமதிக்குப் போனோம். நாமக்கல் பண்ணைகளில் தீவனச் செலவு ஏறினால் நம் கடையில் முட்டை விலை ஏறும். பாமாயிலும் அப்படியே. இந்தோனேசியா 2025 முதல் டீசலில் 40 சதவீதம் பாமாயில் டீசல் கலக்க விதித்துள்ளது. அதே நாடு உள்நாட்டு விலையேற்றத்தால் 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி வைத்ததை நாம் மறக்க முடியாது. விலை ஏறும்போதெல்லாம் "பதுக்கிவிட்டார்கள்" என்ற பழி மட்டும் நம் தலையில் விழுகிறது.

கழிவிலிருந்து எடுப்பதே நல்ல வழி. பானிப்பட்டில் 2022-ல் இந்தியன் ஆயில் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையைத் தொடங்கியது. பலகாரக் கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் டீசலாகிறது. அளவு சிறிதுதான், ஆனால் யார் சாப்பாட்டையும் பறிப்பதில்லை.

உயிரி எரிபொருள் கைகொடுக்கும். முழுப் பாரத்தையும் சுமக்காது. ஆகவே, இனி சரக்குப் பிடிக்கும் முன் மழையையும் விளைச்சலையும் மட்டும் பார்த்தால் போதாது. எத்தனால் ஆலைகளின் கொள்முதலையும் கவனியுங்கள். விலை ஏன் ஏறியது என்று வாடிக்கையாளர் கேட்டால், சலிக்காமல் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.