விளிம்புப் பிரேக் பொருத்தப்பாடு

விளிம்புப் பிரேக் என்பது, மிதிவண்டிச் சக்கரத்தின் விளிம்பை இரு கட்டைகளால் அழுத்தி, உராய்வின் மூலம் வண்டியின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு ஆகும். இவ்விளிம்பு பேச்சு வழக்கில் ரிம் எனப்படுகின்றது. கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியைக் கொண்ட சாலை மிதிவண்டிகளில், கைப்பிடியில் உள்ள நெம்புகோலை விரல்களால் அழுத்தும்போது கம்பிவடம் ஒன்று இழுக்கப்பட்டு, பிரேக் இயங்குகின்றது. வெவ்வேறு காலத்தவையும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகளுமான நெம்புகோலையும் பிரேக்கையும் ஒரே வண்டியில் இணைக்க முடியும். ஆயினும், இணைக்க முடிந்தவை எல்லாம் சேர்ந்து சரியாக இயங்கும் என்று கொள்ள இயலாது. கைக்கு உறுதியாகத் தோன்றும் இணை வண்டியை நிறுத்தத் தவறுவதும் உண்டு. இதனால் நெம்புகோலின் இழுப்பளவு, பிரேக்கின் வகை, எட்டுதூரம், பொருத்தும் முறை, வடம் ஆகிய ஐந்தையும் கருத்தில் கொண்டே பிரேக்கைத் தெரிவு செய்ய வேண்டும்.

அடிப்படைத் தத்துவம்

நெம்புகோலும் பிரேக்கும் தனித்தனி உறுப்புகளாயினும், இயற்பியல் நோக்கில் அவை தொடராக இணைந்த இரு நெம்புகோல்களே. ஒவ்வொன்றும் விசையைக் குறிப்பிட்ட மடங்கு பெருக்குகின்றது. இம்மடங்கு தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இயந்திர இலாபம் என்றும், இலங்கையில் பொறிமுறை நயம் என்றும் அழைக்கப்படுகின்றது. இரண்டின் இயந்திர இலாபங்களையும் பெருக்கக் கிடைப்பதே முழு அமைப்பின் இயந்திர இலாபம் ஆகும்.

விசை எத்தனை மடங்கு பெருகுகின்றதோ, நகரும் தொலைவு அத்தனை மடங்கு குறையும். எனவே இலாபம் மிகக் குறைந்தால் வண்டி நிற்காது. மிகக் கூடினால் கட்டைகள் விளிம்பை எட்டும் முன்பே நெம்புகோல் கைப்பிடியைத் தொட்டுவிடும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இங்குள்ள எண்கள் கணக்கின் எளிமைக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. வடத்தின் உராய்வு கணக்கில் கொள்ளப்படவில்லை. விரல்களின் விசை 50 நியூட்டன் எனவும், விரல்கள் நகரும் தொலைவு 40 மி.மீ. எனவும் கொள்வோம். சாலை நெம்புகோலின் இலாபம் 4 எனவும், வி-பிரேக் நெம்புகோலின் இலாபம் 2 எனவும், இடுக்கிப் பிரேக்கின் இலாபம் 1.5 எனவும், வி-பிரேக்கின் இலாபம் 4 எனவும் கொள்வோம்.

* சாலை நெம்புகோல், இடுக்கிப் பிரேக்: வடம் 10 மி.மீ. நகரும். ஒவ்வொரு கட்டையும் 300 நியூட்டன் விசையுடன் அழுத்தும். இரு கட்டைகளின் மொத்த நகர்வு ஏறத்தாழ 6.7 மி.மீ.
* வி-பிரேக் நெம்புகோல், வி-பிரேக்: வடம் 20 மி.மீ. நகரும். விசை 400 நியூட்டன். மொத்த நகர்வு 5 மி.மீ.
* சாலை நெம்புகோல், வி-பிரேக்: வடம் 10 மி.மீ. நகரும். விசை 800 நியூட்டன். மொத்த நகர்வு 2.5 மி.மீ. மட்டுமே.
* வி-பிரேக் நெம்புகோல், இடுக்கிப் பிரேக்: வடம் 20 மி.மீ. நகரும். விசை 150 நியூட்டன் மட்டுமே. மொத்த நகர்வு ஏறத்தாழ 13.3 மி.மீ.

முதல் இரண்டும் பொருத்தமான இணைகள். மூன்றாவதில், விளிம்பின் ஒவ்வொரு புறமும் 2 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால் கட்டைகள் விளிம்பைத் தொடவே மாட்டா. நான்காவதில், முதல் இணையின் விசையில் பாதியே கிடைக்கின்றது.

கையின் உணர்வு தரும் மயக்கம்

இயந்திர இலாபம் குறைந்த அமைப்பில் கட்டைகள் விளிம்பைத் தொட்டவுடன் நெம்புகோல் கல்லைப் போல் உறுதியாக நின்றுவிடும். இலாபம் மிகுந்த அமைப்பிலோ நெம்புகோல் மென்மையாக, அழுத்த அழுத்த உள்ளே செல்லும். வண்டியைக் கையால் மட்டும் சோதிப்பவர் முதலாவதை நல்ல பிரேக் எனவும், இரண்டாவதை மோசமான பிரேக் எனவும் எண்ணக்கூடும். உண்மையில், உறுதியாகத் தோன்றும் பிரேக்கே இறக்கத்தில் போதிய விசை தராமல் போகலாம். ஆகவே நெம்புகோலின் உறுதியை மட்டும் கொண்டு பிரேக்கின் திறனை மதிப்பிடுதல் தவறாகும்.

நெம்புகோல்கள்

வளைந்த கைப்பிடிகளுக்கான வழமையான சாலை நெம்புகோல்கள் குறைந்த இழுப்பளவு கொண்டவை. இழுப்பளவு என்பது நெம்புகோலை முழுதாக அழுத்தும்போது வடம் நகரும் நீளம் ஆகும். வி-பிரேக்குகளுக்கான நெம்புகோல்கள் ஏறத்தாழ இருமடங்கு நீளத்தை இழுக்கின்றன. வளைந்த கைப்பிடிக்கென்றே செய்யப்பட்ட, கூடுதல் இழுப்பளவு கொண்ட நெம்புகோல்களும் உள்ளன.

சாலை நெம்புகோல்களுக்கிடையேயும் வேறுபாடுகள் உண்டு. ஜப்பானின் சிமானோ நிறுவனம் 2008 இல் அறிமுகப்படுத்திய டூரா-ஏஸ் 7900 தொகுதியில் நெம்புகோலின் இழுப்பளவைக் கூட்டி, அதற்கேற்பப் பிரேக்கின் இலாபத்தையும் உயர்த்தியது. இவ்வகைப் புதிய நெம்புகோலுடன் பழைய பிரேக்கை இணைத்தால் நிறுத்தும் விசை குறையும். பழைய நெம்புகோலுடன் புதிய பிரேக்கை இணைத்தால் விசை எதிர்பார்ப்பதைவிடக் கூடும்; கட்டைகளின் நகர்வு குறையும். இரு உறுப்புகளிலும் ஒரே நிறுவனத்தின் பெயர் இருப்பதால் மட்டும் அவை பொருந்தும் எனக் கொள்ளலாகாது.

சக்கரத்தைக் கழற்றும்போது கட்டைகளை அகல விரிக்க உதவும் விடுவிப்பி, சிமானோவில் பிரேக்கிலும், இத்தாலியின் கம்பக்னோலோ நிறுவனத்தின் எர்கோபவர் வகையில் நெம்புகோலிலும் அமைந்துள்ளது. சிமானோ நெம்புகோலையும் கம்பக்னோலோ பிரேக்கையும் இணைத்தால் விடுவிப்பி எங்கும் இராது. இது நிறுத்தும் விசையைப் பாதிப்பதில்லை. ஆனால் சக்கரத்தைக் கழற்ற டயரின் காற்றை இறக்க வேண்டி வரலாம்.

பிரேக் வகைகள்

* ஒற்றைச் சுழற்புள்ளி இடுக்கிப் பிரேக்: காலிப்பர் எனவும் அழைக்கப்படும் இடுக்கிப் பிரேக்குகளுள் எளிமையானது. இரு கைகளும் ஒரே ஆணியில் சுழல்கின்றன. 1968 இல் வெளிவந்த கம்பக்னோலோ ரெக்கார்டு இவ்வகையில் புகழ் பெற்றது. சாலை நெம்புகோல்களுடன் பொருந்தும்.
* இரட்டைச் சுழற்புள்ளி இடுக்கிப் பிரேக்: 1990களில் பரவலானது. இயந்திர இலாபம் கூடுதல் என்பதால் கட்டைகள் விளிம்புக்கு மிக அருகில் நிற்கும். சக்கரம் நேராக இல்லாவிடில் உரசும். சாலை நெம்புகோல்களுடன் பொருந்தும்.
* நடு இழுப்புப் பிரேக்: இரு கைகளையும் இணைக்கும் குறுக்கு வடத்தை, முதன்மை வடம் நடுவில் மேல்நோக்கி இழுக்கின்றது. பிரான்சின் மாஃபாக் நிறுவனத் தயாரிப்புகள் பெயர் பெற்றவை. சாலை நெம்புகோல்களுடன் பொருந்தும். வடத்தின் உறை முடியும் இடத்தில் சட்டகத்தில் ஒரு தாங்கி தேவை.
* கான்டிலீவர் பிரேக்: சக்கரத்தின் இருபுறமும் சட்டகத்தில் பற்றவைக்கப்பட்ட முளைகளில் பொருத்தப்படுகின்றது. அகன்ற டயர்களுக்கு இடம் தரும். சாலை நெம்புகோல்களுடன் பொருந்தும். குறுக்கு வடத்தின் நடுப்புள்ளியைத் தாழ்த்தினால் இயந்திர இலாபம் கூடும்.
* வி-பிரேக்: இப்பெயர் சிமானோவின் வணிகக் குறி. 1990களின் நடுப்பகுதியில் மலை மிதிவண்டிகளுக்காக வந்தது. கான்டிலீவருக்குரிய அதே முளைகளில் பொருந்தும். கைகளின் நீளம் 100 மி.மீ. அளவிலோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். வழமையான சாலை நெம்புகோல்களுடன் பொருந்தாது.
* சிறிய வி-பிரேக்: கைகள் 80 முதல் 90 மி.மீ. நீளமானவை. கை குறுகியதால் இலாபம் குறைந்து, சாலை நெம்புகோல்களுடன் இயங்குகின்றது. ஆனால் அகன்ற டயர்களுக்கும் மட்கார்டுக்கும் இடம் குறைவு.

கான்டிலீவரும் வி-பிரேக்கும் ஒரே முளைகளில் பொருந்துவதே பல தவறுகளுக்குக் காரணமாகின்றது. முழு அளவு வி-பிரேக்கைச் சாலை நெம்புகோலுடன் பயன்படுத்தியே ஆகவேண்டுமெனில், இரு வேறு விட்டங்கள் கொண்ட சிறு கப்பியை இடையில் அமைத்து வடத்தின் இழுப்பளவை இருமடங்காக்கலாம்.

எட்டுதூரம்

இடுக்கிப் பிரேக்கைத் தாங்கும் ஆணியின் மையத்திலிருந்து, விளிம்பில் கட்டை அழுத்தும் இடத்தின் நடுப்பகுதி வரையுள்ள தொலைவு எட்டுதூரம் எனப்படுகின்றது. சட்டகத்தை அளந்து அறிய வேண்டிய அளவு இதுவே. பந்தய வண்டிகளுக்கான பிரேக்குகள் பெரும்பாலும் 39 முதல் 49 மி.மீ. வரை எட்டும். 47 முதல் 57 மி.மீ. வரை எட்டும் வகை, சற்று அகன்ற டயரும் மட்கார்டும் உள்ள வண்டிகளுக்கு ஏற்றது. இவற்றினும் நீண்டவையும் கிடைக்கின்றன.

பழைய 27 அங்குலச் சக்கரங்களுக்குப் பதிலாக 700சி சக்கரங்களைப் பொருத்துவோர் இதனைக் கவனிக்க வேண்டும். டயர் அமரும் விட்டம் முன்னதில் 630 மி.மீ., பின்னதில் 622 மி.மீ. விட்டம் 8 மி.மீ. குறைவதால், விளிம்பு ஆணியிலிருந்து 4 மி.மீ. விலகிச் செல்கின்றது. பழைய பிரேக்கில் கட்டைகளை அந்த அளவு இறக்க இடம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். எட்டாத கட்டை டயரில் உரசினால், டயர் கிழிந்து வெடிக்கக்கூடும்.

கை நீளும்போது இயந்திர இலாபம் குறைகின்றது. சுழற்புள்ளிக்கு மேலுள்ள பகுதியின் நீளம் மாறாமல், கீழுள்ள பகுதி மட்டும் 50 மி.மீ. இலிருந்து 60 மி.மீ. ஆனால், கட்டையின் விசை ஆறில் ஒரு பங்கு குறையும். எனவே தேவைக்கு மிஞ்சிய எட்டுதூரம் கொண்ட பிரேக்கைத் தெரிவு செய்தல் நன்றன்று.

பொருத்தும் முறை

பழைய இடுக்கிப் பிரேக்குகளின் ஆணி, போர்க் எனப்படும் முன்கவையை ஊடுருவி, பின்புறம் வெளியே தெரியும் நட்டினால் முடுக்கப்படும். புதியவற்றில் ஆணி குட்டையானது. நட்டு கவையின் பின்துளைக்குள் புதைந்து, அறுகோணச் சாவியால் முடுக்கப்படுகின்றது. புதைநட்டுக்குப் பின்துளை 8 மி.மீ. விட்டம் கொண்டிருக்க வேண்டும். பழைய எஃகுக் கவைகளில் பின்துளையை மட்டும் அகலமாக்கிப் புதிய பிரேக்கைப் பொருத்துவது வழக்கம். கரிம இழைக் கவைகளில் இவ்வாறு துளையிடக் கூடாது.

இந்தியாவில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள கனமான மிதிவண்டிகள் பலவற்றில் வடத்துக்குப் பதில் இரும்புத் தண்டுகள் பிரேக்கை இயக்குகின்றன. அவற்றின் கட்டைகள் விளிம்பின் பக்கங்களை அழுத்துவதில்லை. அச்சை நோக்கிய உட்புறத்தையே அழுத்துகின்றன. அவ்விளிம்புகளின் பக்கங்கள் வளைந்திருப்பதால், இடுக்கிப் பிரேக் பொருத்த விரும்பினால் விளிம்பையும் மாற்ற வேண்டும்.

வடமும் உறையும்

சாலை நெம்புகோல்களுக்கான வடத்தின் முனைக்குமிழ் பேரிக்காய் வடிவிலும், மலை மிதிவண்டி நெம்புகோல்களுக்கானது உருளை வடிவிலும் இருக்கும். குமிழ் தன் இருக்கையில் முழுதாக அமராவிடில் வடம் நழுவக்கூடும்.

பிரேக் வடத்தின் உறை சுருளாகச் சுற்றிய எஃகினால் ஆனது. பல்சக்கரத்தை மாற்றும் வடத்தின் உறையிலோ எஃகிழைகள் நீளவாக்கில் அமைந்துள்ளன. இது பிரேக்கின் பெரும் விசையைத் தாங்காது. அவசரமாக அழுத்தும் வேளையிலேயே பிளந்துவிடக்கூடும். ஆகவே இதனை ஒருபோதும் பிரேக்குக்குப் பயன்படுத்தலாகாது.

குறுக்கு வடமுள்ள முன்பிரேக்குகளில் வேறோர் ஆபத்தும் உண்டு. முதன்மை வடம் அறுந்தால், குறுக்கு வடம் டயரின் மேல் விழுந்து முன்சக்கரத்தைத் திடீரென நிறுத்தக்கூடும். முன்புற மட்கார்டோ, கவையில் பொருத்திய சிறு கொக்கியோ இதனைத் தடுக்கும்.

சோதனை முறை

பொருத்தி முடித்தபின், வண்டியை நிறுத்திவைத்து நெம்புகோலை முழு வலிமையுடன் அழுத்த வேண்டும். அப்போது நெம்புகோலுக்கும் கைப்பிடிக்கும் இடையே இடைவெளி எஞ்சியிருக்க வேண்டும். கட்டைகள் முழுமையாக விளிம்பின் மீதே அமர வேண்டும், டயரைத் தொடலாகாது. பின்னர், முன்பிரேக்கை அழுத்தியவாறு வண்டியை முன்னோக்கித் தள்ளினால், முன்சக்கரம் சுழலாமல் பின்சக்கரம் தரையிலிருந்து மேலெழ வேண்டும். இடைவெளி எஞ்சாவிடில் இலாபம் மிகையாக இருக்கலாம், அல்லது வடம் தளர்ந்திருக்கலாம். நெம்புகோல் உறுதியாக நின்றும் முன்சக்கரம் சுழன்றால், இலாபம் போதாமையோ, கட்டைகளின் தேய்வோ, விளிம்பில் எண்ணெய்ப் படிவோ காரணமாகலாம். இச்சோதனைக்குப் பின்னரே வண்டியைச் சாலையில் செலுத்த வேண்டும்.

இன்றைய நிலை

2018 இல் அனைத்துலக மிதிவண்டி ஒன்றியம் சாலைப் பந்தயங்களில் வட்டத்தட்டுப் பிரேக்குகளுக்கு முறையான அனுமதி வழங்கியது. விலை உயர்ந்த புதிய சாலை மிதிவண்டிகளில் இன்று அவையே பெரும்பான்மை. எனினும் முந்தைய பல்லாண்டுகளில் தயாரான வண்டிகள் விளிம்புப் பிரேக்குகளுடனேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கான உதிரி உறுப்புகள் வெவ்வேறு காலத்துத் தயாரிப்புகளிலிருந்து திரட்டப்படுவதால், பொருத்தப்பாடு பற்றிய அறிவு அவ்வண்டிகளைப் பழுதுபார்ப்போருக்கு இன்றியமையாதது.