ஒலிபரப்பும் நூலகமும்



செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்று என்றொரு சிறு குன்று உண்டு. அதன் பாறையிலே 24 தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. கோட்டையைக் காண வருவோரில் பலர் இக்குன்றை எட்டிப் பார்ப்பதில்லை. அது வேறு வருத்தம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெழுத்து நிலைத்து நிற்கிறது. ஆனால் அவ்வாசிரியர் தம் மாணாக்கர்க்கு எத்தகைய குரலில் பாடஞ் சொன்னார் என்பதை நாம் அறிய வழியில்லை. குரலைப் பிடித்து வைக்கும் கருவி அன்று இல்லை. கருவி வந்த பின்னரும் மக்கள் குரலைக் காற்றிலே விட்டுவிட்டார்கள் என்பதே வியப்புக்குரியது. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கிற்று. மறு ஆண்டு திருச்சியிலும், 1967-இல் நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலும் நிலையங்கள் எழுந்தன. தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைக்கு வந்தது. தொடக்க நாள்களில் பேச்சாளர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து படிப்பார். படித்த அக்கணமே அது வீடுகளிற் கேட்கும். பிறகு எங்கும் இராது. பின்னர் காந்த ஒலிநாடா பரவிற்று. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பூசியிருப்பார்கள். ஒலி மின்னோட்டமாகி, மின்னோட்டம் காந்த விசையாகி, அத்தூளிலே பதியும். அதே நாடாவை அழிக்கும் முனையின் வழியே ஓட்டினால் பதிந்தவை யாவும் நீங்கிப் புது நாடா போலாகிவிடும்.

இந்த வசதிதான் வினையாயிற்று. நாடா விலையுயர்ந்த பொருள். ஆகவே கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த பாடம் எழுதும் ஆசிரியரைப் போல, நிலையத்தார் பழைய நிகழ்ச்சியை அழித்து அதன்மேற் புதியதைப் பதிந்தனர். இலண்டன் பி.பி.சி. நிறுவனம் 1960-களிலும் 1970-களிலும் தன் நாடகங்கள் பலவற்றை இவ்வாறே இழந்தது. 1969-இல் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சியின் மூல நாடாக்களும் அழிக்கப்பட்டு மீண்டும் பயன்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2009-இல் அறிவித்தது. ஒளிபரப்பிய நிலையங்களிடம் இருந்த படிகளே நமக்கு மிஞ்சின. நிலவுக்குப் போன செய்திக்கே இக்கதி என்றால், சிற்றூர்ச் செய்தியைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு மாற்றுத் தேடியவர் ஒளிபரப்புத் துறையைச் சார்ந்தவர் அல்லர். காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தவரான பால் சிம்சன் என்பார் 1968-இல் நியூயார்க் சென்றபோது, பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் தம் மாலைச் செய்திகளைச் சில வாரங்களே வைத்திருந்து அழித்துவிடுகின்றன என்று அறிந்தார். செய்தித்தாளை நூலகம் காக்கிறது. கோடிக்கணக்கானோர் பார்க்கும் செய்தியை எவரும் காக்கவில்லையே என்று எண்ணினார். தாம் பயின்ற வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை அணுகினார். 1968 ஆகஸ்டு 5-இல் அப்பல்கலைக்கழகம் மூன்று நிறுவனங்களின் மாலைச் செய்திகளைப் பதியத் தொடங்கியது. குடியரசுத் தலைவர் தேர்தல் முடியும் மட்டும் என்று தொடங்கிய சோதனை முயற்சி அது. இன்றும் நிற்கவில்லை!

பதிந்ததைவிட அவர்கள் செய்த மற்றொரு பணியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒவ்வொரு செய்திக்கும் நாள், நேரம், பேசியவர், பொருட்சுருக்கம் ஆகியவற்றை எழுதி அட்டவணையாக்கினர். பட்டியல் இல்லாத பதிவறை, பூட்டிய சாவி தொலைந்த களஞ்சியத்துக்கு ஒப்பாகும்.

இடையூறும் வந்தது. எங்கள் செய்தியை எங்கள் இசைவின்றிப் பதிவதா என்று சி.பி.எஸ். நிறுவனம் 1973-இல் வழக்குத் தொடுத்தது. உழைத்து ஆக்கியவர் உரிமை கேட்பது பிழையன்று. எனினும் 1976-இல் அந்நாட்டு மன்றம் இயற்றிய பதிப்புரிமைச் சட்டம், நூலகங்கள் செய்தி ஒளிபரப்பைப் பதிந்து வைத்து ஓரளவில் வழங்கலாம் என்று இடங்கொடுத்தது. வழக்கும் கைவிடப்பட்டது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும், பின்னர் வந்த திருத்தங்களின்படி, ஒலிபரப்பியவர்க்கு 25 ஆண்டு உரிமை உண்டு. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்குமாகப் பதிவதைக் குற்றமாக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் இப்பிரிவை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.

இனி, நம் ஊருக்கு வருவோம். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதியம்மனுக்கு அக்கினி வசந்த விழா நடப்பதை அறிவீர்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் தீமிதி. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இங்குத் தங்கி இவ்விழாக்களை ஆராய்ந்து 1988-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதன் துணைத்தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இருக்கிறது. விழாவைப் படமாகவும் எடுத்தார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அப்படத்தைக் கல்லூரிகளுக்கு வழங்கியது. நம் மேலச்சேரியின் பெருமையைக் கடலுக்கு அப்பாலுள்ள மாணவன் வகுப்பறையில் இருந்தபடி காண முடிந்தது. இதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது விடிய விடியக் கேட்ட பிரசங்கியார் ஒருவரின் குரல் இன்று எந்த நாடாவிலும் இல்லை. அவர் துகிலுரிதலைச் சொல்லும்போது கூட்டத்தில் எழும் விம்மலும் இல்லை. அவர் சொன்ன கதை நூலில் உண்டு. சொன்ன விதம் அவரோடு போயிற்று.

அகில இந்திய வானொலி தலைவர்களின் உரைகளையும் பெரும் இசைவாணர்களின் கச்சேரிகளையும் தன் பெட்டகத்தில் காத்து வருகிறது. அது நல்ல தொண்டு. எனினும் எதைக் காப்பது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் எளியவர் குரல் பின்தங்குவது இயல்பு. நாளைய ஆராய்ச்சியாளர் எதைத் தேடுவார் என்பதை இன்று யார் கணித்துவிட முடியும்? வாண்டர்பில்ட் நூலகத்தார் பொறுக்கி எடுக்காமல் ஒவ்வொரு மாலைச் செய்தியையும் முழுமையாகப் பதிந்ததன் அறிவுடைமை இங்கேதான் விளங்குகிறது.

பழைய நாடாக்களும் என்றென்றும் இரா. காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தூளைப் பிடித்திருக்கும் பசை பிசுபிசுத்து, ஓட்டும்போதே உரிந்து போகும். நாடா நன்றாயிருந்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் கிடைப்பது அரிதாகி வருகிறது. ஆகையால் கணினிப் படியாக மாற்றுவதில் காலந்தாழ்த்தல் ஆகாது. உங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில் ஒலிநாடாப் பேழைகள் கிடந்தால், கேட்காமல் எறிந்துவிடாதீர்கள்.

உங்கள் கையிலுள்ள தொலைபேசியே இன்று நல்ல ஒலிப்பதிவுக் கருவி. கூத்து வாத்தியாரிடமோ பிரசங்கியாரிடமோ முதலில் இசைவு பெறுங்கள். பதிவைத் தொடங்கியதும் நாளையும், ஊரையும், பாடுபவர் பெயரையும், நிகழ்ச்சியின் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைப் பள்ளி நூலகத்திலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் வையுங்கள். பாடியவருக்கும் ஒரு படி கொடுக்க மறவாதீர்கள்.