சமைத்தவளும் உட்கார்ந்து சாப்பிடும் பண்டிகை

டென்மார்க்கில் டிசம்பர் பிறந்துவிட்டால் சூரியனுக்கே சோம்பல் வந்துவிடும். கோபன்ஹேகன் நகரில் டிசம்பர் 21-ந் தேதி வாக்கில் பொழுது விடிவது காலை எட்டரை மணிக்கு மேல்தான். சாயந்திரம் மூன்றே முக்காலுக்குள் அஸ்தமனம் ஆகிவிடும். மொத்தம் ஏழு மணி நேரப் பகல். அதிலும் பல நாள் மேக மூட்டம். இப்படியே வாரக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் மனசு என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

அந்த இருட்டுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் கைமருந்துதான் 'ஹூகெ'. இந்த டேனிஷ் வார்த்தைக்கு ஒரே சொல்லில் அர்த்தம் சொல்வது கஷ்டம். வெளியே குளிர் நடுக்கும்போது, உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில், வேண்டிய நாலு பேரோடு, சூடாக ஏதோ கொறித்துக்கொண்டு, அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் இதம் உண்டாகிறதே, அதற்குப் பேர்தான் ஹூகெ. கல்யாணமாகி அங்கே போன என் தங்கையின் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது இதை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

மெழுகுவத்திக் கணக்கு

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிற்றுக்கிழமைகளும் அங்கே விசேஷம். பச்சை இலைக்கொத்தால் செய்த வளையத்தில் நான்கு மெழுகுவத்திகள் வைத்திருப்பார்கள். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். இது தவிர, 1 முதல் 24 வரை எண் போட்ட நீளமான மெழுகுவத்தி ஒன்றும் உண்டு. தினம் ஓர் எண் அளவுக்கு எரியவிட்டு அணைத்துவிடுவார்கள். பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று குழந்தைகள் எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்ன சுகாதாரக் குறிப்பு: மூடின அறையில் நிறைய மெழுகுவத்தி எரிந்தால் காற்றில் புகைத்துகள் சேரும். அதனால் அவ்வளவு குளிரிலும் தினம் இரண்டு மூன்று தடவை ஜன்னலைத் திறந்து, சில நிமிஷம் காற்றாட விடுவது அங்கே வழக்கம். வெயிலே இல்லாத ஊராச்சே! அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வைட்டமின் 'டி' மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்த நாட்டு சுகாதாரத் துறை.

வேலையே ஒரு விருந்து

பலகாரமெல்லாம் பண்டிகைக்கு வெகு நாள் முன்னாலேயே ஆரம்பமாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள், குழந்தைகள் எல்லோரும் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஒருவர் மாவு பிசைய, ஒருவர் உருட்ட, பாட்டி அடுப்பைப் பார்த்துக்கொள்ள, குழந்தைகள் வர்ணக் காகிதத்தைக் கத்தரித்து மரத்தில் தொங்கவிட இதய வடிவப் பைகள் பின்னும். நமக்கெல்லாம் தெரிந்த கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860-ல் பின்னிய இதயம் ஒன்று இன்றும் பத்திரமாக இருக்கிறது.

அன்றைக்குச் செய்யும் குட்டி பிஸ்கட் ஒன்றின் பேர் 'பெபர்நொதர்', அதாவது மிளகுக் கொட்டை. அதில் ஏலக்காய், பட்டை, இஞ்சி எல்லாம் மணக்கிறது. நம் தரங்கம்பாடி ஞாபகம் வருகிறதா? தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, 1620-ல் டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டியதே மிளகு முதலான வாணிபத்துக்காகத்தான். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகிறவரை அந்த ஊர் அவர்கள் கையில் இருந்தது.

பாயசத்தில் ஒளிந்த பாதாம்

23-ந் தேதி ராத்திரி பல வீடுகளில் பால் சாதக் கஞ்சிதான். அரிசியைப் பாலில் குழைய வேகவிட்டு, மேலே பட்டைத்தூள் கலந்த சர்க்கரையைத் தூவி, நடுவில் ஒரு வெண்ணெய்க் கட்டியை வைத்துத் தருவார்கள். மீந்த கஞ்சியும் வீணாகாது. மறுநாள் அதில் அடித்த க்ரீம், வெனிலா, பொடித்த பாதாம் சேர்த்து, சூடான செர்ரிப் பழப் பாகு ஊற்றினால் அதுவே பண்டிகை இனிப்பு!

24-ந் தேதி ராத்திரிதான் பெரிய விருந்து. வாத்து அல்லது பன்றி இறைச்சி, சர்க்கரைப் பாகில் புரட்டின உருளைக்கிழங்கு, புளிப்பும் தித்திப்புமாக வேகவைத்த சிவப்பு முட்டைகோஸ். நான் சைவம், எனக்குக் கிழங்கும் கோஸுமே தேவாமிர்தம். கடைசியில் அந்த இனிப்பு வரும். அதில் ஒரே ஒரு முழுப் பாதாமை ஒளித்து வைத்திருப்பார்கள். யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு. கிடைத்தவர் சும்மா இருப்பாரா? கன்னத்தில் அதக்கிக்கொண்டு, மற்றவர்கள் பாத்திரம் காலியாகும் வரை தேடட்டும் என்று வேடிக்கை பார்ப்பார்! அப்புறம் எல்லோரும் கைகோத்து மரத்தைச் சுற்றிப் பாடி ஆடுவார்கள்.

என் மனசைத் தொட்டது வேறு. நான் பழக்க தோஷத்தில் கரண்டியோடு எழுந்து நின்றேன். "அக்கா, நீ உட்காரு. இங்கே யாரும் நின்னுக்கிட்டு பரிமாற மாட்டாங்க" என்றாள் தங்கை. எல்லாப் பாத்திரமும் மேஜையில். கைமாற்றிக் கைமாற்றி அவரவரே போட்டுக்கொள்கிறார்கள். சமைத்தவளும் சூடாகவே சாப்பிடுகிறாள். எழுந்திருக்கும்போது குழந்தை முதல் தாத்தா வரை 'தாக் ஃபோ மாத்' என்கிறார்கள். 'சாப்பாட்டுக்கு நன்றி' என்று அர்த்தம். தினசரிச் சாப்பாட்டுக்கும் இப்படித்தான்.

அங்கேயும் பெண்களுக்கு அலுப்பு இல்லாமல் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் பலர் கடைப் பலகாரத்தை வாங்கிச் சூடுபண்ணி விடுகிறார்கள். அதைக் குறையாக நினைப்பதும் இல்லை.

நம் பணியாரக் கல்லில் டேனிஷ் பணியாரம்

'ஏப்லஸ்கீவர்' என்ற அந்த ஊர்ப் பலகாரத்துக்கான சட்டியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அசல் நம் குழிப்பணியாரக் கல்!

வேண்டியவை: மைதா 250 கிராம், புளிக்காத கெட்டி மோர் 400 மில்லி, முட்டை 3, சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி, ஏலப்பொடி ஒரு டீஸ்பூன், சமையல் சோடாவும் உப்பும் அரை அரை டீஸ்பூன், சுடுவதற்கு வெண்ணெய்.

மஞ்சள் கரு, மோர், மைதா, மற்றப் பொடிகளைக் கட்டியில்லாமல் கலந்து அரை மணி வையுங்கள். வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து மெதுவாகச் சேருங்கள். குழியில் வெண்ணெய் விட்டு முக்கால் அளவு ஊற்றி, ஓரம் வெந்ததும் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பந்து போல வரும். அங்கே ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் திருப்புவார்கள். முன்பெல்லாம் உள்ளே ஆப்பிள் துண்டு வைப்பார்களாம். பேரே அதனால் வந்ததுதான். பொடித்த சர்க்கரை, ஜாம் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

ஒரு மழைநாள் சாயந்திரம் செய்து பாருங்கள், சகோதரிகளே. ஆனால் ஒரு நிபந்தனை: கல்லை இறக்கிவிட்டு, நீங்களும் அவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்!