மானுக்கும் கரடிக்கும் ஒரே துப்பாக்கி

அமெரிக்காவில் எல்லா வேட்டைக்கும் ஒரே ரைபிள் போதும் என்பவர்கள் நூறாண்டுக்கு மேலாக .30-06 தோட்டாவைத்தான் முதலில் சொல்கிறார்கள். பேச்சுவழக்கில் ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’. குழலின் உள்விட்டம் 0.30 அங்குலம், அந்நாட்டு ராணுவம் இதை ஏற்ற ஆண்டு 1906. ஜெர்மனி கூர்முனைக் குண்டுக்கு மாறியதைப் பார்த்து, அமெரிக்க ராணுவம் தன் பழைய மழுங்கிய குண்டைக் கைவிட்டபோது பிறந்தது இது. மானை மனதில் வைத்து யாரும் இதைச் செய்யவில்லை.

ஆனாலும் வேட்டைக்கு வாகாக அமைந்துவிட்டது. தோட்டாவின் பித்தளை உறை 63 மில்லிமீட்டர் நீளம். வெடிமருந்து நிறையக் கொள்வதால் இலேசான குண்டு, கனமான குண்டு இரண்டையும் போதிய வேகத்தில் தள்ளும். வெண்வால் மானுக்கு 150 கிரெய்ன், அதாவது 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எல்க் என்னும் பெரிய மானுக்கு 180. அதனினும் பெரிய மானான மூஸ், பழுப்புக் கரடி என்றால் 220 வரை போகலாம். இலேசான குண்டு வேகமாகப் போவதால் வழியில் குறைவாகவே தாழும். தூரத்தைச் சற்றுத் தப்பாகக் கணித்தாலும் குறி பெரிதாகப் பிசகாது. கனமானது எலும்பையும் தசையையும் துளைத்து ஆழமாக இறங்கும். குண்டை மாற்றினால் அது போய்ப்படும் இடமும் மாறும் என்பதால், காட்டுக்குப் போகுமுன் இலக்குப் பலகையில் சுட்டுக் குறிநோக்கியைத் திருத்திக்கொள்ள வேண்டும். சோம்பேறிகள் இதைச் செய்வதில்லை.

180 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதன் ஆற்றல் ஏறக்குறைய 3,900 ஜூல். நியூட்டனின் மூன்றாம் விதி சுடுபவரின் தோளுக்கும் பொருந்துமே, துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்! உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார். குண்டு மானின் வயிற்றில் பட்டு, அது காயத்தோடு ஓடிச் சாகும். 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் இன்னும் வலுவானது, இன்னும் பலமாக உதைப்பது. முதல் துப்பாக்கியாக அதை வாங்குவது வீண் ஜம்பம் என்பேன். வலுவை விடக் குறியே முக்கியம்: ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற டபிள்யூ. டி. எம். பெல் பெரும்பாலும் பயன்படுத்தியது 7 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான். கொடுமையான கணக்குதான், ஆனால் மண்டையோட்டின் அமைப்பை அவர் அறிந்திருந்தார். இந்தியாவில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி துப்பாக்கி சுட்டதும் அதே தோட்டாவைத்தான்.

1952-இல் வந்த .308 வின்செஸ்டரின் உறை 51 மில்லிமீட்டர்தான். .30-06-இன் அதே விட்டமுள்ள குண்டைச் சற்றே குறைந்த வேகத்தில் அனுப்பும். துப்பாக்கியும் கொஞ்சம் குட்டையாகவும் இலேசாகவும் அமையும். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் இன்னும் மென்மையாக உதைக்கும். அதன் நீண்ட மெல்லிய குண்டு காற்றில் வேகத்தை எளிதில் இழக்காது. ஆனால் பெருங்கரடிக்கு முன் அதை நம்பி நிற்க நான் தயங்குவேன்.

எந்தத் தோட்டாவானாலும் சிற்றூர்க் கடையில் கிடைக்க வேண்டும். அபூர்வமான ரகத்தை வாங்கியவர் தோட்டாப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டால் வேட்டைப் பருவமே போச்சு. மான் மட்டும் போதும் என்பவருக்கு என் வாக்கு .308-க்கு, மூஸுக்கும் ஆசைப்படுகிறவர் .30-06 வாங்கட்டும்.